ஒன்பதா, பத்தா

மார்ச் 4, செவ்வாய்

நூலகத்துக்கு இன்று ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பேர் பேப்பர் படிக்க, ஒருவர் மழைக்கு ஒதுங்க, ஒருவர் பல் டாக்டர். நகராட்சிக்கு எழுபத்தைந்து வயதாகிறதாம். 'நம் மலையூர்: அறியாத நூறு செய்திகள்' என்று சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். குழுத் தலைவர் அந்தப் பல் டாக்டர்தான். வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடம் இருபது வருடமாக ஊர் வரலாறு சொல்லி வருகிறார். எதிர்த்துப் பேச யாராலும் முடிந்ததில்லை.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க லைப்ரரியம்மா."

சரி என்றேன். மாட்டேன் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

மார்ச் 7, வெள்ளி

இதுவரை பதினொன்று. தபால் நிலையம் முதலில் குதிரை லாயம். ஊரின் முதல் டெலிபோன் கறிக்கடையில் இருந்தது, நம்பர் ஒன்று. மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் நடுவே நூற்றுப் பன்னிரண்டு படி. (டாக்டர் நூற்றுப் பத்து என்றார். போய் எண்ணினேன்.) ரயில் வரும் என்று குடையத் தொடங்கி நாற்பது அடியில் கைவிட்ட சுரங்கத்தில் இப்போது உருளைக்கிழங்கு மூட்டை அடுக்குகிறார்கள்.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் மகன் போனதிலிருந்து - 'போனதிலிருந்து' என்று அவர் எதிரில் சொல்லக் கூடாது - இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. இன்று கறிக்கடை டெலிபோனுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

ஒன்றுமில்லை.

மார்ச் 13, வியாழன்

அறுபத்தோராவது செய்தி. "மூணு வருஷத்துக்கு முன்னாடி, தண்ணித் தொட்டி ரோட்டுல மண்ணு சரிஞ்சு..." என்று ஆரம்பித்த டாக்டர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத விட்டுடலாமா?"

"ஊர்ல நடந்ததுதானே. போடுங்க."

"எத்தனை பேர்னு போட? ஆபீஸ் கணக்குல ஒன்பதுதான். நீங்க எது சொன்னாலும் அதைப் போடலாம்."

ஒன்பது பேரின் உடலை எடுத்தார்கள். என் கணவரை எடுக்கவில்லை. தண்ணீர் திறந்துவிடும் வேலை அவருக்கு. விடிந்தும் விடியாமலும் வால்வை மூடப் போனார். வால்வு திருகும் இரும்புச் சாவி மட்டும் ஆறாம் நாள் கிடைத்தது. பதிவேட்டில் 'காணாமல் போனவர்'.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்பது என்றால் அவர் எங்கேயோ இருக்கிறார். பத்து என்றால் நானே, என் கையால் -

எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா தெரியும். தெரிஞ்சத எழுத ஏன் கை வரமாட்டேங்குது?

மார்ச் 20, வியாழன்

அத்தையிடம் சொல்லிவிட்டேன். புத்தகத்தில் மண்சரிவும் வருகிறது, எத்தனை பேர் என்று கேட்கிறார்கள் என்று. பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஒன்பதுதானே."

"பத்துன்னு போடலாமான்னு..."

"என் புள்ள வந்து வாசல்ல நின்னா அந்தப் புத்தகத்த எங்க கொண்டுபோய் ஒளிப்பே?"

அடுத்த பீன்ஸை எடுத்தார்.

மார்ச் 25, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த இடத்துக்குப் போனேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. புது ரோடு, புதுத் தடுப்புச் சுவர், சரிந்த பக்கம் முழுக்கப் புல். ஏதாவது தோன்றும் என்று அரை மணி நேரம் நின்றேன். கால் வலித்தது, அவ்வளவுதான்.

ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். "பஸ்ஸ விட்டுட்டீங்களாக்கா?" ஏறிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார், "அங்க வீடுகூட இல்லையே, யாரு இருக்காங்க?"

"என் வீட்டுக்காரர் இருக்கார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் ரேடியோவை அணைத்தார்.

மார்ச் 26, புதன்

டாக்டரிடம் சொன்னேன். பத்து.

ஏப்ரல் 4, வெள்ளி

அச்சகத்திலிருந்து திருத்தத்துக்குத் தாள்கள் வந்தன. அறுபத்தோராவது செய்திக்குக் கீழே பெயர்களும் வயதும். ஒன்பதையும் டாக்டர் தந்தபடி எழுதி, என் கணவர் பெயரை அடியில் சேர்த்திருந்தேன். மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மறைத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

வந்து பார்த்தால் அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஈரத் தலையோடு கதவருகிலேயே நின்றுவிட்டேன். கத்துவார், தாளைக் கிழிப்பார் என்று காத்திருந்தேன். எது நடந்தாலும் சரி என்றுதான் இருந்தது.

"வயசுல பெரியவங்க மேலேயா?"

"ஆமா அத்தை."

"அப்ப அவன ஏன் கடைசில போட்டிருக்கே? இதுக்கு மேல இருக்கிற பொண்ணுக்குப் பத்தொன்பது. அவனுக்கு நாப்பத்தொண்ணு." விரலை மெல்ல மேலே நகர்த்தினார். "இங்க வரணும். நாலாவது."

பென்சில் எடுத்துக் கொடுத்தேன். கடைசி வரியிலிருந்து மேலே, நாலாவது இடத்துக்கு அவரே அம்புக்குறி போட்டார். கோடு கொஞ்சம் வளைந்திருக்கிறது. அச்சகத்தாருக்குப் புரியும்.