தாகப் பாத்தி

பிப்ரவரி 11

விவசாய அலுவலகத்துப் பெண் இன்றும் வந்தாள். கையில் நீளக் கம்பி, அதன் தலையில் ஒரு மீட்டர். மண்ணில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று காட்டுமாம். நான் இருபத்திரண்டு வருடமாக விரலை விட்டுத்தான் பார்க்கிறேன் என்றேன். "உங்க விரல்ல நம்பர் இல்லையேக்கா" என்றாள். வாயாடி. அவளுக்கு மீட்டர் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

மூன்று வருடமாக மழை தன் இஷ்டத்துக்கு வருகிறது. கிணற்றுத் தண்ணீர் போதாமல் பாதி நிலம் தரிசாகக் கிடக்கிறது. மீட்டர் சொன்னபடி இரண்டு பாத்தி தக்காளி நட்டிருக்கிறோம். ஒன்றுக்கு எப்போதும் போல மூன்று நாளுக்கு ஒரு தண்ணீர். இன்னொன்றுக்குச் செடியடியில் வைக்கோல் போர்த்தி, ஆறு நாளுக்கு ஒரு தண்ணீர். இரண்டும் சமமாகக் காய்த்தால், இருக்கிற தண்ணீரிலேயே மொத்த நிலத்தையும் நடலாம்.

இல்லாவிட்டால்? பக்கத்து நிலத்தில் கிடங்கு கட்டியவர் எங்களுடையதையும் பதினைந்து வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். என் வீட்டுக்காரர் தலையாட்டத் தயார். "அறுவடை வரைக்கும் பாப்போம். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்கிறார். கான்கிரீட் போட்ட பிறகு திரும்பி வந்து எதை நடுவது, கல்லையா?

பிப்ரவரி 27

ஆறு நாள் பாத்திக்கு இவர் வைத்த பெயர் தாகப் பாத்தி. "செடிக்குப் போர்வை, எனக்கு வெயிலா?" என்று வரப்பில் நின்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மார்ச் 6

நடுப்பகலில் போய்ப் பார்த்தால் தாகப் பாத்தியில் இலையெல்லாம் தொங்குகிறது. நாலாவது நாள்தான் ஆகிறது. ஒரு சொட்டு கூடாது என்று மீட்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். மனசு கேட்கவில்லை. இவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்ததும் இரண்டு குடம் ஊற்றினேன். இரண்டே இரண்டு. இதெல்லாம் ஒரு தண்ணீரா?

மார்ச் 9

இன்றும் இரண்டு.

மார்ச் 15

நாலு. எழுதவே கை கூசுகிறது. யாரை ஏமாற்றுகிறேன் நான்? பாத்தி தோற்றால் நிலம் போய்விடும் என்று பயம். ஆனால் இப்படி ஜெயித்து, அதை நம்பி மொத்தத்தையும் நட்டு, எல்லாம் கருகினால்? அப்போது எத்தனை குடம் சுமப்பேனாம்?

நாளைக்கு ஊற்ற மாட்டேன்.

மார்ச் 16

ஊற்றினேன்.

மார்ச் 24

மாட்டிக்கொண்டேன்.

மீட்டர் தாகப் பாத்தியில் கம்பியைக் குத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள். துடைத்துவிட்டு மறுபடி குத்தினாள். "ஆறு நாளா தண்ணி காட்டாத பாத்தி, நேத்து பாய்ச்சின பாத்தியை விட ஈரமா இருக்கு. எப்படிக்கா?"

திருதிருவென்று விழித்தேன். இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மேகமும் இல்லை.

"மத்தியானத்துல ரெண்டு குடம்... மிஞ்சிப் போனா நாலு. வாடுதேன்னு..."

"நாலு குடத்துல இவ்வளவு ஈரம் வராதுக்கா. இது மோட்டர் தண்ணி."

"மோட்டரை நான் தொடவே இல்லை!" சத்தியமாகத் தொடவில்லை.

இவர் தொண்டையைச் செருமினார். "காலைல மத்த பயிருக்குத் தண்ணி பாய்ச்சறப்ப... கொஞ்சமா அந்தப் பக்கமும் திருப்பி விடுவேன்."

"கொஞ்சமான்னா?"

"ஒரு பத்து நிமிஷம். ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

மீட்டர் நோட்டை மூடிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய ஆறு வார உழைப்பு. திட்டுவாள் என்று நினைத்தேன். "ரெண்டு பேரும் சேர்ந்து தாகப் பாத்தியைக் குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். பிறகுதான் சொன்னாள்: உச்சி வெயிலில் தக்காளி இலை அப்படித்தான் தொங்குமாம், கீழே ஈரம் இருந்தாலும். சாயங்காலம் தானாக நிமிருமாம். நாங்கள் ஒரு நாளாவது சாயங்காலம் வரை பொறுத்திருந்தால்தானே!

சோதனை செல்லாது. முதலிலிருந்து வேண்டும்.

அவள் போனதும் கேட்டேன். "கிடங்குக்குக் குடுக்கணும்னு நின்னது நீங்கதானே? பாத்தி வாடினா உங்களுக்கு என்ன?"

"குடுக்க எனக்கு மட்டும் ஆசையா? நீ இந்த வெயில்ல குடம் தூக்கறதைப் பாக்க முடியல. காலைலயே நான் விட்டுட்டா, நீ தூக்க மாட்டேன்னு நெனச்சேன்."

அப்படியானால் அந்தக் குறட்டை? நடிப்பு! எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவர் மேலேயே காட்டினேன்.

மார்ச் 30

கிடங்குக்காரர் வந்தார். "இன்னொரு நடவு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் இவர். அவரால் அதுவரை காத்திருக்க முடியாதாம், வேறு இடம் பார்த்துக்கொள்கிறாராம். இனி இந்தப் பாத்தியை விட்டால் வேறு வழி இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 2

இரண்டாவது நடவு. மீட்டர் காலையில் வந்து காய்களை எண்ணினாள். இரண்டு பாத்தியும் ஏறக்குறைய சமம். மண்ணிலும் குத்திப் பார்த்தாள். "இந்தத் தடவை யோக்கியமா இருக்கீங்க" என்றாள்.

இன்று ஐந்தாவது நாள். பகலில் தாகப் பாத்தி தலை தொங்கிவிட்டது. நாங்கள் மரத்தடியில் ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இவர் எழுந்தார்.

"எங்க?"

"தண்ணி குடிக்கப் போறேன்டி."

"நீங்க குடிச்சா சரி."

ஐந்து மணிக்கு மேல் ஒரு செடி நிமிர்ந்தது. பிறகு பக்கத்துச் செடி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை முழுவதும் நிமிர்ந்துவிட்டது. யாரும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். தரிசாகக் கிடக்கிற அந்தப் பாதி நிலத்தில், காலடி வைத்து அளந்துகொண்டு போகிறார்.