என் காதின் மேல் போட்ட பழி

மார்ச் 3
இன்றும் என் மனைவி சொன்னது காதில் விழவில்லை. சமையலறையிலிருந்து வந்து ஏதோ சொன்னாள். ‘சரி’ என்று தலையாட்டினேன். முகம் வாடிப்போய்த் திரும்பிவிட்டாள். சரி சொல்கிற விஷயமில்லை போல.
அறுபத்தாறு வயது. கார் ஓட்டக் கற்றுத்தருகிறவனுக்குக் காது போனால் வேலையும் போகும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

மார்ச் 19
பயிற்சி வண்டிக்குள் எல்லாம் கேட்கிறது — ஹாரன், பிரேக்கின் கிறீச்சிடல், ஓட்டுகிறவர் பயத்தில் முணுமுணுப்பதுகூட. நெருங்கி உட்கார்வதால் இருக்கும். வீட்டுக்கு வந்தால் நான் செவிடன்.

ஏப்ரல் 8
மகள் போனில் சத்தம் போட்டாள். “அம்மா மெசேஜ் போட்டிருக்காங்க. தொண்டை கிழியக் கத்தினாலும் உங்களுக்குக் கேக்கலையாம். டாக்டரைப் பாருங்கப்பா.”
அடுத்த மாதம் என்றேன்.

ஏப்ரல் 27
வேலையை நானே விட்டுவிட்டேன். கேட்காமல் போன ஹாரன் எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும்?

மே 6
காதுப் பரிசோதனை. முதலில் ஒரு தாள்: உங்கள் காதுக்குப் பத்துக்கு எத்தனை? மூன்று போட்டேன். பிறகு கண்ணாடி அறை, ஹெட்போன், பட்டன்.
சோதித்த பெண் வரைபடத்தை இரண்டு தடவை பார்த்தாள். “இங்க வர்றவங்க எனக்கு நல்லாத்தான் கேக்குதுன்னு சண்டை போடுவாங்க. நீங்க தலைகீழ். உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல காது சார். யார் பேசினா கேக்கலை?”
என் மனைவி பேசினால், என்றேன். வேறு யார்? யோசித்தேன். யாருமில்லை.
வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவியை உள்ளே கூப்பிட்டுப் பெயரைக் கேட்டாள். வாய் அசைந்தது. காற்றுதான் வந்தது.

மே 7
அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டேன்.
“தொண்டை அடைக்குதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். சரின்னு தலையாட்டினீங்க.”
ஐயோ. நான் என்ன மனுஷன்? அவளும் என் காதில்தான் குறை என்று நினைத்தாளாம். கத்திக் கத்தித்தான் குரல் கம்மிவிட்டது என்று இருந்துவிட்டாளாம்.

மே 15
குரல்வளையில் கட்டி. புற்று. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் குரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

ஜூன் 2
நாளைக் காலை ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள்.
ஏதாவது பேசு என்றேன். என்ன பேச என்றாள். திட்டு, என்றேன். அவள் தலையணையில் என் தலையையும் வைத்துக்கொண்டேன். கல்யாணமான வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள். அவளைக் கடை வாசலில் விட்டுவிட்டு நான் மறந்து வீட்டுக்கு வந்தது, அவள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாதது, மகள் பிறந்த அன்று தாமதமாக வந்தது. எதையும் மறுக்கவில்லை.
நர்ஸ் வந்து, போதும், தூங்கட்டும் என்றாள்.
“இன்னும் முடிக்கலை,” என்றாள் என் மனைவி. நர்ஸுக்குக் கேட்கவில்லை. நான்தான் எடுத்துச் சொன்னேன்.