யாரும் இறங்காத குழி

நந்திதுர்க்,
9 ஜூன் 2024

அன்புள்ள ரத்தினம்மாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் கடிதம். இதை நானே எழுதுகிறேன், யாரிடமும் சொல்லி எழுதவில்லை. சர்ச் ஹாலில் நளினி டீச்சர் நடத்தும் மாலை வகுப்பில் ‘ழ’ வரைக்கும் வந்துவிட்டேன். உன் பெயரில் அது இல்லை, என் பெயரில் இருக்கிறது. இந்த ஒரு பக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது. ஆனாலும் சந்தோஷம்.

இடுப்பு தேவலையா? தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த அந்தச் சைனைடு மேட்டில் நீ வழுக்கி விழுந்த இடத்தைத் தினம் காலையில் வெளிக்குப் போகும்போது பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

கக்கூஸ் இல்லாத வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று நம் மகள் பியூலாவிடம் சொன்னாயாம். சர்க்கார் கட்டிக்கொடுத்தது இருக்கிறது, விறகு அடுக்கி வைத்திருக்கிறோம். அதன் குழி குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி அளவு. அதை நம்ப முடியாது. நானும் என் சுரங்கக் கூட்டாளி டக்ளஸும் புதிதாகத் தோண்டுகிறோம். ஆள் உயரம் தாண்டியாயிற்று. அவன் அடியில் நின்று, “மரியா, கேஜை இறக்குடா” என்று கத்துகிறான். சுரங்கத்தில் ஆளை இறக்கும் கூண்டுக்குப் பதிலாக நான் வாளியை இறக்குகிறேன். சுரங்கம் மூடிய பிறகு அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உன்,
மரியகுழந்தை


பெங்களூரு,
17 ஜூன் 2024

பியூலா அப்பாவுக்கு,

எழுத்து நன்றாக இருக்கிறது. பியூலா உரக்கப் படித்தாள். பிறகு தனியாக நானும் படித்தேன்.

நான் கேட்டது ஒரு கதவும் தாழ்ப்பாளும். சுரங்க ஷாஃப்ட் கேட்கவில்லை. உங்களை விட்டால் இரண்டு பேரும் தங்கம் கிடைக்கும்வரை தோண்டுவீர்கள்.

அந்த மேடு உங்களுக்கு டக்ளஸ் அண்ணனோடு பேசிக்கொண்டு போகிற இடம். எனக்கு அப்படியில்லை. எப்போது இருட்டும் என்று நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். நடுராத்திரியில் அங்கே போக வேண்டிவருமே என்று, கல்யாணமானதிலிருந்து பொழுது சாய்ந்தால் நான் தண்ணீர் குடித்ததில்லை. உங்களுக்குத் தெரியுமா? ராத்திரி பசியில்லை என்று சொன்னதையெல்லாம் நம்பினீர்கள். இங்கே வயிறாரச் சாப்பிடுகிறேன். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது என்கிறாள் பியூலா. திரும்பி வருவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இருக்கிற கக்கூஸில் என்ன குறை? உண்மையைச் சொல்லுங்கள்.

ரத்தினம்மா


நந்திதுர்க்,
30 ஜூன் 2024

அன்புள்ள ரத்தினம்மாவுக்கு,

தண்ணீர் விஷயத்தைப் படித்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், உள்ளே வருகிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை.

உண்மை கேட்டாய். ஷெர்வின்தான் காரணம். டக்ளஸின் ஒரே மகன், அடுக்குமாடி வீட்டுக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யக் கூலிக்கு இறங்கினவன், ஏறி வரவில்லை. அன்று அவன் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தது நீதான். நம் சின்னக் குழி நிரம்பினால் நானும் ஒருவனைக் கூப்பிட வேண்டும். வருகிறவன் நம் லைன் வீட்டுப் பையனாகத்தான் இருப்பான். ஆழமாகத் தோண்டிவிட்டால் யாரும் இறங்க வேண்டாம். டக்ளஸிடம் இதை நான் சொன்னதில்லை, அவனும் என்னிடம் சொன்னதில்லை. தோண்டினோம்.

சுகாதார வேலைக்கு வரும் மம்தா நேற்று எட்டிப் பார்த்தாள்.

“இன்னா தாத்தா இது, கக்கூஸா ஷாஃப்ட்டா? இவ்ளோ ஆழத்துல உட்டா போர்வெல் தண்ணியில கலந்துடும்.”

“சின்னதுல உட்டா ரொம்பிடும். ரொம்பினா நீ இறங்குவியா?” என்றான் டக்ளஸ்.

அவள் கோபப்படவில்லை. “ஒரு இடம் காட்றேன், வாங்க” என்றாள். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

உன்,
மரியகுழந்தை


நந்திதுர்க்,
21 ஜூலை 2024

அன்புள்ள ரத்தினம்மாவுக்கு,

உன் பதில் வரவில்லை. என்னைக் கண்டால் தபால்காரர் வேறு தெருவில் திரும்பிவிடுகிறார்.

மம்தாவோடு பக்கத்துக் கிராமத்துக்குப் போனோம். அந்த வீட்டிலும் நம்முடையது மாதிரி சின்னக் குழிதான், ஆனால் இரண்டு. ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததற்குத் திருப்ப வேண்டும். மூடியது ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா கிடக்கும். அப்படிக் கிடந்த ஒன்றை வீட்டுக்காரம்மா திறந்து, மேலே நின்றபடியே மண்வெட்டியால் அள்ளிப் போட்டாள். டக்ளஸ் மண்டியிட்டு ஒரு பிடி எடுத்தான். முகர்ந்து பார்த்தான்.

“மண்ணுடா. வெறும் மண்ணு.”

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, “நம்ம ஷாஃப்ட்ட மூடிடலாம், வா” என்றான்.

நம் கக்கூஸுக்கும் இரண்டாவது குழி, மூடியோடு இருக்கிறது. அதன் மேல்தான் நாம் கோழிக்கூண்டை வைத்திருந்தோம். இப்போது கூண்டை நகர்த்தி, விறகை எடுத்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. நானும் அங்கேதான் போகிறேன். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. பேச்சுத் துணை இல்லாமல் எனக்குப் பழக்கமில்லை. டக்ளஸ் வெளியே நின்று பேச்சுக் கொடுத்தான்.

‘வா’ என்று எழுத எனக்குத் தெரியும். உன்னிடம் அப்படிக் கேட்கத்தான் கை வரவில்லை.

உன்,
மரியகுழந்தை


பெங்களூரு,
29 ஜூலை 2024

பியூலா அப்பாவுக்கு,

கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. ஷெர்வின் பெயரைப் பார்த்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். டக்ளஸ் அண்ணனை மதியம் சாப்பிட வரச் சொல்லுங்கள். ஆனால் நான் உள்ளே போகும்போது யாரும் வெளியே நின்று பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

சின்னப் பைதான் எடுத்து வருகிறேன். மற்ற துணியெல்லாம் பியூலா வீட்டிலேயே இருக்கட்டும். அனுப்பச் சொல்வதா வேண்டாமா என்று இருந்து பார்த்துத்தான் சொல்வேன்.

ரத்தினம்மா