வேண்டாம் என்று சொன்ன தலைவர்கள்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, மொன்ட்ரியால்,
செப்டம்பர் கடைசி, சனிக்கிழமை.

அன்புள்ள கஜந்திக்கு,

சுகமா என்று கேட்டுத் தாளை நிரப்ப மாட்டேன். பேரனை மடியில் வைத்துக்கொண்டு நீ சிரிக்கிற படம் பார்த்தேன், அதுவே போதும். மூக்கு அப்படியே உன் மனுசன் றொபின்சன் அண்ணனின் மூக்கு. பாவம் பிள்ளை.

ஃபோனில் கதைத்தால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், உன் மருமகன்வரை கேட்கும். அதனால்தான் நாளைக்கு நீ இருக்கிற லண்டனுக்குப் பறக்கிற சர்மிளாவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். எங்கள் ஊர்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம் அடுத்த ஞாயிறு. அன்றைக்கு என் மனுசனும் உன் மனுசனும் எதிரெதிரே நின்றால் சங்கம் மட்டும் இரண்டாகாது, நம் இரண்டு வீடும் பிரிந்துபோகும். அதற்கு முன்னால் அவர்கள் இருவரும் கதைத்தாக வேண்டும்.

இப்போது நீ சிரிக்கப் போகிறாய். ஒரு மாதமாக நான் அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கிறுக்கு எப்படித் தொடங்கியது தெரியுமா? நாம் நான்கு பேரும் வருசா வருசம் அமெரிக்க எல்லை தாண்டிப் போகும் வேர்மண்ட் மாதா கோயில் தீவுக்கு, இந்த வருசம் நானும் இவரும் மட்டும் போனோம். புளிச்சோற்றைப் பிரித்து வைத்துவிட்டு, கதைக்க ஆளில்லாமல் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த அமெரிக்கக் கிழவரோடு கதை கொடுத்தேன். ஜனாதிபதியைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி உப ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தது இந்தத் தீவில்தான், 1901இல், என்றார் அவர். நாம் மீன்பொரியலும் புளிச்சோறும் சாப்பிடும் இடத்திலா? வந்த கையோடு லைப்ரரியில் புத்தகம் எடுத்தேன்.

சுட்டவர் இறந்ததும் என்று எழுதிவிட்டேன் பார், சுடப்பட்டவர் இறந்ததும் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். பெரிய கம்பனிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தார், காடுகளைக் காப்பாற்றினார், சனம் தலையில் தூக்கி வைத்து ஆடியது. 1904இல் வென்ற இரவே, இனி நிற்க மாட்டேன் என்று வாயை விட்டுவிட்டார். சொன்னபடி தன் உயிர்ச் சிநேகிதர் டாஃப்டிடம் ஜனாதிபதிக் கதிரையைக் கொடுத்துவிட்டு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். திரும்பி வந்தவருக்கு டாஃப்ட் செய்வது எதுவும் பிடிக்கவில்லை. 1912இல் அதே சிநேகிதருக்கு எதிராகத் தனிக்கட்சி கட்டி நின்றார். இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். சோபாவில் குறட்டை.

போன வருசக் கூட்டம் உனக்கு மறந்திருக்காது. நம் ஆட்களின் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. பெயரை முன்மொழிந்தால் முதலில் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பதவிக்கு அலைகிறவன் என்பார்கள். இரண்டாம் தரம் கேட்டால் தலையைக் குனிய வேண்டும். மூன்றாம் தரம் கைதட்டல், மாலை. இவர் எத்தனையோ வருசம் அப்படித்தான் தலைவரானார். அன்றைக்கும் வழக்கம்போல எழும்பி, “எனக்கு வேணாம், வேற ஆக்களப் பாருங்க” என்றார். கூட்டத்தை நடத்திய றொபின்சன் அண்ணன், “சரி, அவனுக்கும் களைப்புத்தானே” என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார்! அடுத்த பெயர் அவருடையது. அவரும் ஒரு தரம்கூட மறுக்காமல் ஓம் என்றார். நீ உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தாய், இவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை.

“முப்பது வருசம் பழகினவனுக்கு என்ர வேணாம் விளங்காதா?” என்று இவர் அன்றிலிருந்து பொருமுகிறார். றொபின்சன் அண்ணனோ, “குலேந்திரன் எனக்குப் பொய் சொல்லமாட்டான் எண்டுதான் நம்பினன்” என்று சங்கத்துக் கிருபானந்தனிடம் சொன்னாராம். எடி, இரண்டு பேர் சொல்வதும் சரிதானே? அதுதான் எனக்கு எரிச்சல்.

இப்போது இவர் சீர்திருத்தக்காரர். குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதையும் ஆம்பிளை போடுவது என்ற சட்டத்தை எடுக்க வேண்டுமாம், பெண்களுக்கும் வாக்கு வேண்டுமாம், தலைவர் சரியில்லாவிட்டால் நடுவிலேயே இறக்க வழி வேண்டுமாம். தலைவராக இருந்த காலமெல்லாம் நாங்கள் குசினியில் வடை சுட்டது இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ரூஸ்வெல்ட்டும் அப்படித்தான். கதிரையை விட்ட பிறகுதான் பெண்களுக்கு வாக்கு, வேட்பாளரைச் சனமே தெரிவுசெய்ய வேண்டும் என்றெல்லாம் ஓங்கிப் பேசினார். கோபத்தில் வந்த நல்ல காரியம் நல்ல காரியம் இல்லையா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், விடை பிடிபடவில்லை. வாக்கு மட்டும் எனக்கு வேண்டும். ஆனால் கிடைத்தால் யாருக்குப் போடுவேன் என்று இவர் கேட்காமல் இருப்பது இவருக்கு நல்லது.

அந்த 1912 தேர்தலின் முடிவு என்ன ஆனது தெரியுமா? சிநேகிதர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் அடிபட, மூன்றாம் ஆள் வில்சன் போய்க் கதிரையில் இருந்தார். டாஃப்டுக்குக் கிடைத்தது இரண்டே மாநிலம், அதில் ஒன்று நம் வேர்மண்ட். இங்கே கிருபானந்தன் புதுக்கோட்டு தைத்துவிட்டான் என்று கேள்வி. அவன் தலைவராக வந்தால் பொங்கல் விழாவில் ஒரு மணித்தியாலம் பேசுவான், கடவுளே.

இன்னொன்று. போன கிழமை மொன்ட்ரியால்-நோர் பக்கம் இடியப்பம் வாங்கப் போன இடத்தில் றொபின்சன் அண்ணனைக் கண்டேன். தனியே ஒரு மூலையில் பிட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்று, “குலேந்திரன் எப்பிடி இரிக்கான்?” என்று கேட்டார். நல்லாயிருக்கிறார் என்றேன். அது பொய்.

இவர் மாடிப்படியில் பாதியில் நின்று ஃபோன் பார்ப்பது போல நடிக்கிறார். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். இருதயத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்ய வேண்டுமாம். கூட்டம் முடிந்த இரண்டாம் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். பிள்ளைகளுக்கே சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, கஜந்தி.

அந்தப் புத்தகத்தின் கடைசியை வாசித்தபோது அழுதுவிட்டேன். வருசங்கள் போன பிறகு சிகாகோவில் ஒரு ஹோட்டலில் ரூஸ்வெல்ட் தனியே சாப்பிடுகிறார் என்று டாஃப்டுக்குத் தெரியவருகிறது. நேரே அவர் மேசைக்குப் போய் நின்றாராம். இருவரும் கட்டிப்பிடிக்க, சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்களாம். அதற்குப் பிறகு ரூஸ்வெல்ட்டுக்கு எட்டு மாதம்கூட மிச்சம் இருக்கவில்லை. சவக்குழியடியில் டாஃப்ட் நின்று அழுதாராம். இவ்வளவு படித்தவர்களுக்கு அந்த மேசைக்கு நடந்து போக ஏன் அத்தனை வருசம் பிடித்தது?

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் விபரம் கேட்டாள். மனைவி கிடைக்காவிட்டால் வேறு யாருக்கு ஃபோன் எடுப்பது என்றாள். இவர் ஃபோனை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை, மனப்பாடமாக ஒரு நம்பரைச் சொன்னார். உங்கள் வீட்டு நம்பர். உங்கள் சகோதரரா என்று நர்ஸ் பிரெஞ்சில் கேட்டாள். இவர் அவளுக்குத் தமிழில் “ஓம்” என்றார்.

நான் சத்தியத்தை மீறிவிட்டேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். றொபின்சன் அண்ணனை ஞாயிறுக்கு முன்னால் இங்கே வரச் சொல்லு. வராதே, வேண்டாம் என்று இவர் கதவுக்குப் பின்னால் நின்று சொல்லுவார். திரும்பிப் போகாமல் மணியை இன்னொரு தரம் அடிக்கச் சொல்லு. நான் திறப்பேன்.

பேரன் நூறு வயது இருக்க வேண்டும், அவனுக்கும் முப்பது வருசத்துச் சிநேகிதன் ஒருவன் வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன்
சுதாஜினி