மூத்த வாத்தை முதலில் வை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? குளியலறையில் வழுக்கியதில் கையில் மாவுக்கட்டு, மூன்று வாரத்தில் பிரித்துவிடுவார்கள், நீ பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். (அக்கா, கட்டு கைக்குத்தான், வாய்க்கு இல்லை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு.)

நீ புது வீட்டுக்குக் குடிபோகும் சேதி கேட்டதும் வாழ்த்து அட்டை செய்ய உட்கார்ந்தோம். என் வாத்து ரப்பர் ஸ்டாம்ப் உனக்கு நினைவிருக்கும். நாம் நாலு பேரும் நெருக்கியடித்து நிற்பது போல நாலு வாத்து வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு வாத்தை அட்டையில் குத்தி, அதே வாத்தை ஒட்டுச்சீட்டிலும் குத்தி, ஓரம் பிசகாமல் வெட்டி, முதல் வாத்தின் மேல் மை படாமல் மறைக்கும் மாஸ்க்காக ஒட்டிவிட வேண்டும். அடுத்த வாத்தை அதன் மேல் பாதி ஏறும்படி குத்தினால் ஏறிய மை சீட்டோடு போய்விடும், உரித்துப் பார்த்தால் இரண்டாவது வாத்து முதல் வாத்துக்குப் பின்னால் நிற்கும். எது முதலில் விழுகிறதோ அதுதான் முன்னால். குத்துகிற வேலை உன் தங்கைக்கு. (குத்திப் பேசுவதில் எனக்கு நல்ல பழக்கம் என்று அம்மாவே சிபாரிசு.) மரியாதைக்கு அப்பாவை முதலில் வைத்தோம், அப்புறம் நான், அப்புறம் இவள், தொலைவில் இருப்பவள் என்று உன்னைக் கடைசியில். எல்லாச் சீட்டையும் உரித்தால் உனக்கு வால் மட்டும்தான் மிச்சம்.

அந்நேரம் பார்த்து அப்பா கடிகாரக் கடையிலிருந்து சாப்பிட வந்தார். நீ அவர் பேச்சை மீறி வேலைக்குப் போனதிலிருந்து, இந்த இரண்டு வருஷமாக, உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனிதர். அட்டையைப் பார்த்தார், இதில் அவள் எங்கே என்று கேட்டார். இவள் வாலைக் காட்டினாள். (சிரித்துக்கொண்டேதான் காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை, எனக்கும் நின்றுவிட்டது.) தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கடையில் கண்ணில் மாட்டுவாரே அந்த லென்ஸை மாட்டிக்கொண்டு, அலகு, கால் எல்லாம் மயிரிழை தப்பாமல் புது மாஸ்க் ஒன்றை வெட்டினார். வேறு அட்டையை எடுத்துப் போட்டு, "மூத்தவ அவதானே. அவள முதல்ல வை" என்றார். சொன்னவர் அதற்கும் பொறுக்காமல் உன்னைத் தானே குத்தினார். ஓரத்தில் இருக்கும் கறை அவர் கட்டைவிரல் மை, அழிக்கப் பார்க்காதே.

எங்கள் மூவரையும் உனக்குப் பின்னால் குத்தி மற்ற சீட்டுகளை உரித்தாயிற்று, உன் மேல் இருப்பதை மட்டும் தொட விடவில்லை. வழியில் அழுக்குப் படும், அவளே உரித்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார். அதனால் நகத்தால் சுரண்டாதே, காலிலிருந்து தொடங்கி மெல்ல உரி. உரித்ததும் எனக்குப் போன் போடாதே, கடைக்குப் போடு. அவருக்குப் பேச்சு வராவிட்டால் கடிகாரங்கள் ஓடும் சத்தத்தையாவது கேட்டுக்கொண்டிரு, இந்த முறை எழுந்து போக மாட்டார். புது வீட்டில் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு, அடுப்பை அணைத்தாயா என்று இரண்டு தரம் பார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

(எழுதியவள்: இப்போது வால் மட்டும் தெரியும் கடைசி வாத்து.)