ஜன்னல் ஓரத்து அழுகை

ஜூன் 3, செவ்வாய்

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் செய்த முதல் வேலை, என்னை உற்றுப் பார்த்ததுதான். "நீங்க அந்த அழுமூஞ்சிப் பையன்தானே?" சின்ன வயதில் ஏழு படங்களில் நடித்தேன், ஏழிலும் அழுதேன். பதினோரு வயதில் குரல் உடைந்தது, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷம் ஆகிறது, இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள். "ஒரு தடவை அழுது காட்டுங்களேன்" என்றார். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. சாயங்காலம் என் மகள் வாண்டு பென்சில் உடைந்ததற்கு அழுதாள். அழுவதற்கு முன் ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்ந்து, கன்னத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்றாள். ஏழு வயதுப் பெண்ணுக்கு வெளிச்சம் தேடத் தெரியுமா? யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஜூன் 5

அக்காவாகத்தான் இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

பள்ளிக்கூடம் விட்டால் வாண்டு நேரே அடுத்த தெருவில் அக்கா வீட்டுக்குத்தான் போகிறாள். என்னைப் படப்பிடிப்புக்குக் கூட்டிக்கொண்டு அலைந்ததும் அக்காதான். எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினெட்டு. கேமராவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு என் வசனத்துக்கு வாயசைப்பாள். "கேமராவுக்கு முதுகு காட்டாதடா" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள்.

ஒரு நாள் எனக்கு அழுகையே வரவில்லை. டைரக்டர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் என்னிடம் வந்து, "அம்மா வீட்டை விட்டுப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க" என்றாள். ஒரே டேக். எல்லோரும் கை தட்டினார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்தது அம்மா. நிஜ அம்மாதானா என்று கையைத் தொட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து யார் அழுதாலும் எனக்குச் சந்தேகம்தான்.

விளம்பரப் படம் எடுப்பவர்கள் நாலு பேரை அக்காவுக்கு இன்னும் தெரியும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

ஜூன் 11, புதன்

இன்று சோதித்தே பார்த்தேன். தண்ணீர் ஜாடி எப்படி உடைந்தது என்று வாண்டுவை மூன்று தடவை சொல்லச் சொன்னேன். மூன்று தடவையும் அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே வலது கையைத் தூக்கினாள். டேக்குக்கு டேக் கை மாறக்கூடாது என்பது சினிமாவில் முதல் பாடம். குழந்தைகள் பேச்சு அப்படி இருக்காது.

காதுக்குப் பின்னால் மேக்கப் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். கிச்சுகிச்சு மூட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

நான் சமையலறைக்குள் நுழைந்ததும் மனைவி போனை வைத்தாள். யார் என்றேன். "உங்க அக்காதான்." என்னவாம்? "ஒண்ணுமில்ல." ஒண்ணுமில்லாததற்கு இருபது நிமிஷமா? அப்படியானால் இவளும் கூட்டா?

ஜூன் 14, சனி

கடைக்கு மதியம் போனால் போதும். மனைவி காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கு வாண்டு கீழேயிருந்து வந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாளாம். முட்டியில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. நேரே ஜன்னலுக்குப் போனாள். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முதலில் உதடு, பிறகு கண். என்னைவிட நன்றாக அழுதாள்.

"நடிக்காத" என்றேன். சட்டென்று நிறுத்திவிட்டாள். நிஜ அழுகை அப்படி நிற்குமா?

அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எந்தக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போற? எத்தனை நாளா நடக்குது?" "நான் எங்கயும் கூட்டிட்டுப் போகலடா. உனக்குச் செஞ்சதே போதும்" என்றாள். குரல் நடுங்கியது. இந்தக் குரலுக்கா நான் மயங்குவேன்?

ஜூன் 15, ஞாயிறு

எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

நேற்று இரண்டு மணிக்கு வந்த மனைவிதான் வாண்டுவுக்குச் சட்டை மாற்றும்போது பார்த்தாள். மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியிருந்தது. நாலு மணி நேரம்— அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பாவி.

"ஏம்மா, அப்பவே சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். "சொன்னேன். சரியா அழல போல" என்றாள். டாக்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், உனக்கு யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "யாருமில்லப்பா. நான் அழுதா நீங்க நிஜமாவான்னு கேப்பீங்கல்ல? ஜன்னல்கிட்ட நின்னா கண்ணுல தண்ணி நல்லா தெரியும். அங்க நின்னா சில நாள் நம்புவீங்க." ஜாடிக் கதையை ஏன் ஒரே மாதிரி சொன்னாய்? "மாத்திச் சொன்னா பொய்ன்னு சொல்வீங்களே."

மனைவி துணி மடித்தபடியே சொன்னாள்: "போன்ல உங்க அக்காகிட்ட இதைத்தான் பேசிட்டிருந்தேன். அவ அழறப்ப நீங்க பார்க்கற பார்வையை."

என் அக்காவாவது ஒரு பொய்தான் சொன்னாள். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

ஜூன் 16

அக்காவுக்குப் போன் போட்டேன். மன்னிப்பு தொண்டைவரை வந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

கட்டுக்குள் அரிக்கிறது என்று அழுதாள். மறுபடியும் ஜன்னல்தான். 'நிஜமா' என்று கேட்க வந்த நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடினேன். அரை இருட்டில் அவளைத் தூக்கிக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் அழுகையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இப்போது அவளுக்கு என்மேல் சந்தேகம். வேண்டியதுதான்.

ஜூலை 27, ஞாயிறு

எதிர் வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். அவளோடு சைக்கிள் விடும் பெண்ணும் போய்விட்டாள். லாரி திரும்பியதும் வாண்டு உள்ளே வந்தாள். என் கண் தானாக ஜன்னலுக்குப் போனது. எத்தனை வருஷப் பழக்கம்.

அவள் ஜன்னலைத் தாண்டிப் போனாள். என்னையும் தாண்டிப் போனாள். கட்டிலில் ஏறி, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விக்கி விக்கி, சத்தமாக, கன்னாபின்னாவென்று அழுகை. முகம் தெரியவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பார்க்காதீங்கப்பா" என்றாள்.

நான் பார்க்கவில்லை.