அரைவேக்காட்டுச் சிப்பி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-8-1934

அன்பு மகள் இராஜம்மாளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நாகப்பட்டினத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க முருகன் துணை. இதுவரை நம் கடிதமெல்லாம் பக்கத்து வீட்டுக் கன்னையா எழுதிக் கொடுத்தது. இது என் சொந்தக் கை. கோணல் மாணலாக இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள், இதை அவரிடம் சொல்லி எழுத வைக்க முடியாது.

உன் தம்பி அய்யாவுக்கு விஷக்காய்ச்சல் எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன் கேள். போர்ட் சுவெட்டன்ஹாம் ரயில் வண்டியில் அவன் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் பயர்மேனாகப் போய்வந்தானே, கிள்ளானில் வண்டி நிற்கும்போது ஒரு மலாய்க்காரியிடம் சிப்பி வாங்கி வருவான். சிப்பி என்றால் அவனுக்கு உயிர், சின்னதில் நீங்கள் இரண்டு பேரும் அதற்குக் குடுமிப்பிடிச் சண்டை போட்டது மறந்தா போகும். நான் எப்போதும் எல்லா ஓடும் வாய் திறக்கும்வரை வேகவிட்டு, பிறகுதான் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுப் பிரட்டுவேன். அன்றைக்குக் கரிபிடித்த கையோடு வந்து உட்கார்ந்தான், இரண்டு மணிக்கு மறுபடி வண்டியேற வேண்டுமாம். ரொம்ப வெந்தா ரப்பரா போயிடும்மா, இறக்கும்மா, நேரமாச்சு என்று பறந்தான். பாதி ஓடு மூடித்தான் கிடந்தது. பெரிய துரைக்கு அவசரத்தைப் பாரு என்று சிரித்துக்கொண்டே சட்டியை இறக்கிவிட்டேன், பாவி. கத்தியால் நெம்பி, எலுமிச்சை பிழிந்து, நானேதான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஆசையாகத் தின்கிறானே என்று எனக்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. உன் அப்பா அப்போது வேலையில் இருந்தார், இது ஒன்றும் அவருக்குத் தெரியாது.

பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர், சிப்பி கிளிஞ்சல் ஏதாவது வேகாமல் தின்றானா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா முந்திக்கொண்டு, தம்புசாமி கடைச் சர்பத்துதான் என்று சொல்லிவிட்டார். பிள்ளை போன நாளிலிருந்து தினமும் அந்தக் கடை முன்னால் நின்று, எம்மவன கொன்னுட்டியேடா என்று கத்துகிறார். கடைக்கு இப்போது ஒருத்தரும் போவதில்லை. நேற்று தம்புசாமி வாசலில் வந்து நின்று, அக்கா, நீங்களாவது அண்ணன்கிட்ட சொல்லுங்க, எம்புள்ளைங்களும் அதே தண்ணிதானே குடிக்குது என்று அழுதான். கதவைச் சாத்திக்கொண்டேன். இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா இராஜம்மா?

நாளைக்கு முப்பதாம் நாள் படையல். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்க வேண்டும். உன் அப்பா கோழி, வடை, சுருட்டு என்று வரிசையாகச் சொன்னார், சிப்பியை மறந்துவிட்டார். இன்று காலையில் நானே ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் அதே மலாய்க்காரியிடம் வாங்கி வந்தேன், ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளைக்கு எல்லா ஓடும் திறக்கும்வரை வேகவைப்பேன், ரப்பராகவே போகட்டும். இது எதுக்கு என்று உன் அப்பா கேட்பார். அப்போது தம்புசாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவேன். பிறகு அவர் என்னை வீட்டில் வைத்தாலும் சரி, அடித்து விரட்டினாலும் சரி. அந்த நேரத்தில் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும், எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் முதலில் உனக்கு எழுதித் தபாலில் போட்டுவிடுகிறேன், இனி மறைக்க வழியில்லை.

நீ பிள்ளை குட்டியோடு நூறு வயது நன்றாயிரு. ஒன்று மட்டும் மறக்காதே, யார் பசி பசி என்று பறந்தாலும் வேகாமல் சட்டியை இறக்காதே.

இப்படிக்கு,
உன்னையும் அய்யாவையும் பெற்ற
நல்லம்மாள்